பாதி இலையில் எழுப்பியவன்

வாங்க வாங்க, உள்ள வாங்க. செருப்பு கிடக்கட்டும். ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாங்க, அதுக்கு ஒரு கால் ஆட்டம். குவார்ட்டர்ஸோட சேர்த்து கம்பெனி கொடுத்தது. ரிப்பேர் பண்ணுங்கன்னு சொல்லி வருஷமாச்சு. ஊரு உலகத்துக்கே மெஷின் செஞ்சு அனுப்புற கம்பெனி, நாற்காலிக் காலுக்கு ஒரு ஆணி அடிக்க ஆள் இல்லை. இப்படி சோபாவுல வாங்க.

கேட்ல செக்யூரிட்டி போன்ல சொன்னான். பொண்ணு வீட்டுக்காரர் வந்திருக்காரு, இளம்பரிதியைப் பத்தி விசாரிக்கணுமாம்னு. ரொம்ப சந்தோஷம். அமாவாசையா பார்த்துக் கிளம்பி வந்திருக்கீங்க, பொறுப்பான ஆளுன்னு அதுலயே தெரியுது. இப்பல்லாம் யாரு விசாரிக்கறா? போன்லயே போட்டோ, போன்லயே பேச்சு, மண்டபம் பிடிச்சிடறாங்க. அப்புறம் உக்காந்து அழுவாங்க. மேலோட்டமா பார்த்தா எல்லாப் பையனும் தங்கம்தாங்க. பாரத்தை ஏத்திப் பார்த்தாத்தான் ஆளு யாருன்னு தெரியும். அதுக்கு அவன் மேலதிகாரியைத்தான் கேக்கணும். சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க.

கோமதி, ரெண்டு காபி. சார் சாப்பாட்டுக்கும் இருப்பார்.

இல்லல்ல, நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது. அமாவாசைச் சமையல், வடை பாயசம் எல்லாம் நடந்துட்டு இருக்கு. சாப்பிடாம அனுப்புனா எனக்குத்தான் கேவலம். பேசிட்டே இருப்போம், அதுக்குள்ள இலை போட்டுடுவா.

நான் ஒருத்தரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசற ஆள் இல்லீங்க. இந்தக் காலனில யாரை வேணாலும் கேளுங்க, ஞானசம்பந்தம் சார் வாயில இருந்து கெட்ட வார்த்தை வராதும்பாங்க. வராதுதான். ஆனா நீங்க பொண்ணைப் பெத்தவர். உங்ககிட்ட மறைச்சா அந்தப் பாவம் என்னைச் சேரும். உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன், கேட்டுட்டு நீங்களே வேண்டாம்னு சொல்லிடுங்க. அதாவது, முடிவு உங்களோடது.

நான் டெஸ்டிங் டிபார்ட்மென்ட்டுக்கு டெபுடி ஜெனரல் மேனேஜர். அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேன். ஆகியிருக்கவே மாட்டேன், எக்ஸ்டென்ஷன் கிட்டத்தட்ட கையில இருந்துது. அது வேற கதை. வேற கதை என்ன, இதே கதைதான். வர்றேன்.

எங்க கம்பெனியைப் பத்தி நான் சொல்லணுமா? உங்க அப்பா காலத்துலயே பம்புன்னா எங்க பேருதான். இங்க வேலைன்னா பொண்ணு கொடுக்க வரிசைல நிப்பாங்க. புதுசா சேர்ற இன்ஜினீயர் பசங்களுக்கு ராஜ மரியாதை. சேர்ந்த அன்னைக்கே ஒரு ஹெல்மெட், ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு மேஜை. கம்ப்யூட்டர் பின்னாடி வரும். வர்ற வரைக்கும் மேஜையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அவ்வளவுதான் வேலை. சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. ஒரு வருஷம் மேஜையைப் பார்த்துக்கிட்டு முகம் சுளிக்காம உக்காந்தவன்தான் பிற்பாடு மேல வருவான். நான் அப்படி வந்தவன்தான்.

இந்த இளம்பரிதி மறுநாளே எந்திரிச்சுப் போயிட்டான். எங்கன்னா, டெஸ்ட் பெட்டுக்கு. பம்பை ஓட்டிப் பார்க்கற இடம் அது. ஒரே சத்தம், எண்ணெய், வெக்கை. அங்க அந்தோணிசாமின்னு ஃபோர்மேன் இருக்காரு. அவரோட போய் நின்னுக்கிட்டு, இது ஏன், அது எதுக்குன்னு கேள்வி. சாயந்திரம் பார்த்தா புது பூட்ஸ் பூரா எண்ணெய். நான் கூப்பிட்டு, "தம்பி, நீ இன்ஜினீயர்ப்பா, கொஞ்சம் தள்ளி நிக்கப் பழகு"ன்னேன். "தள்ளி நின்னா சத்தம் வித்தியாசம் தெரியலை சார்"ங்கறான். பணிவாத்தான் சொன்னான். அதுதான் இவன்கிட்ட இருக்கற கஷ்டம். எதுத்துப் பேசறவனா இருந்தா ஒரு மெமோ கொடுத்துடலாம். இவன் பணிவா நின்னு தலைல கல்லைப் போடுவான்.

காபி எடுத்துக்குங்க. சர்க்கரை சரியா இருக்கா?

பார்த்தீங்களா, என் சம்சாரம் சொல்லிட்டுப் போறா. "இளம்பரிதியா, அது தங்கமான பிள்ளையாச்சே"ன்னு. அவ சொல்றதைக் கணக்குல எடுக்காதீங்க. அவளுக்கு அவன் மேல ஒரு இது. ஒரு தடவை ஏதோ கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தான். இதே சோபாவுலதான் உக்காந்தான். உள்ள குக்கர் சத்தம் கேட்டுட்டு இருந்துது. இவன் காபியைக் கையில வெச்சுக்கிட்டுக் குடிக்கவே மாட்டேங்கறான். "அம்மா, அடுப்பை அணைச்சிடுங்க, அந்தக் குக்கர்ல வால்வு அடைச்சிருக்கு"ங்கறான். விருந்தாளியா வந்த இடத்துல பேசற பேச்சா இது? அணைச்சுட்டுப் பார்த்தா அடைச்சுத்தான் இருந்துது. இருக்கட்டுமே. நாங்க எத்தனையோ வருஷமா அந்தக் குக்கர்லதான் சாப்பிட்டோம், என்ன ஆயிட்டோம்? அடுத்த நாள் பஜார்ல போய் வால்வு வாங்கிட்டு வந்து மாட்டிட்டுப் போனான். கோமதி அன்னைக்குக் கவுந்தவதான்.

விஷயத்துக்கு வர்றேன்.

நாங்க செய்யற பம்பு, வீட்டுக் கிணத்துப் பம்பு இல்லீங்க. பெரிய ஆலைல கொதிகலன் இருக்கும் பாருங்க, அதுக்குள்ள வெந்நீரைத் தள்ளுற பம்பு. ஒரு ரூம் அளவுக்கு இருக்கும். அதை முழு பாரத்துல, அதாவது ஆலைல ஓடற மாதிரியே முழு அழுத்தத்துல, ஓட்டிக் காட்டணும். வாங்கறவங்க சார்பா ஒரு இன்ஸ்பெக்டர் வந்து கூடவே நின்னு பார்த்து, சரின்னு சொன்னாத்தான் மெஷின் கேட்டைத் தாண்டும். இதுதான் சட்டம்.

இனி வழக்கம் என்னன்னு சொல்றேன். காலைல இன்ஸ்பெக்டர் வருவார். சந்தன மாலை. டீ, முந்திரி பக்கோடா. பம்பைச் சும்மா லேசா ஓட்டிக் காட்டுவோம். அவர் சுத்தி வருவார், தொட்டுப் பார்ப்பார், நல்லா இருக்கும்பார். முழு பாரம் எப்பன்னா, சாப்பாட்டு நேரத்துல. அது ஓடிட்டு இருக்கும்போது இன்ஸ்பெக்டர் எங்க இருப்பார்? கெஸ்ட் ஹவுஸ்ல. தலைவாழை இலை, ஏழெட்டு கறி, அப்பளம், பாயசம். அவருக்குப் பக்கத்துல ஒரு இளம் இன்ஜினீயர் உக்காந்து பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். ஊரு எது, பிள்ளைங்க என்ன படிக்கறாங்க, எங்க ஊர் கோயில் பார்த்தீங்களா, இப்படி. இங்க டெஸ்ட் பெட்ல அந்தோணிசாமி வால்வைப் பாதி மூடி வெச்சு, பாதி பாரத்துல சித்த நேரம் ஓட்டிட்டு நிறுத்திடுவார். கெஸ்ட் ஹவுஸுக்கு ஒரு போன் போகும். "சாருக்குத் தயிர் சாதம் போடலாம்"னு. அப்படின்னா பம்பு பாஸ்.

முகம் ஏன் அப்படிப் போகுது? இதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க. கரண்டு மிச்சம், நேரம் மிச்சம், மெஷினுக்கும் நோகாது. எங்க பம்பு நல்ல பம்பு. நல்ல பம்பை எதுக்குப் போட்டு வதைக்கணும்? பெத்த பிள்ளையை நாமளே சந்தேகப்படற மாதிரி ஆயிடும். இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. நல்லாத் தெரியும். அவருக்குத் தெரியும்னு எங்களுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொல்லிக்க மாட்டோம். நாகரிகம்னா அதுதானே?

புதுசா வந்த இன்ஜினீயர் ஒவ்வொருத்தனுக்கும் முதல் பொறுப்பு இந்த இலைதான். நான் சேர்ந்த புதுசுல நானும் உக்காந்தேன். அன்னைக்கு வத்தக்குழம்பு. இன்ஸ்பெக்டர் மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், என்னைப் பத்தி எங்க மேனேஜர்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போனார். என் வாழ்க்கை அந்த இலைலதான் ஆரம்பிச்சுது. அந்தப் பம்பு ஒரு பேப்பர் மில்லுக்குப் போச்சு. பின்னாடி அங்க ஏதோ உடைஞ்சு யார் மேலயோ வெந்நீர் பட்டுதுன்னு சொன்னாங்க. அது ஆபரேட்டர் தப்பு. பக்கத்துல எதுக்குப் போய் நின்னான்?

இந்த வருஷம் மார்ச். எங்களுக்கு மார்ச்னா உயிர் போயிட்டு உயிர் வர்ற மாசம். மார்ச் முடியறதுக்குள்ள கேட்டைத் தாண்டற மெஷின்தான் அந்த வருஷக் கணக்கு. மேல இருக்கறவங்க என்கிட்ட சொல்லிட்டாங்க, "ஞானசம்பந்தம், இந்தப் பம்பை மட்டும் அனுப்பிடுங்க, உங்க எக்ஸ்டென்ஷனை நாங்க பார்த்துக்கறோம்"னு. ஒரு சர்க்கரை ஆலைக்குப் போற பம்பு. இன்ஸ்பெக்டர் பட்நாயக்னு ஒரு ஒரிசாக்காரர். தங்கமான மனுஷர், அவரோட வயிறு அதைவிடத் தங்கம். நானே கெஸ்ட் ஹவுஸ் சமையக்காரரைக் கூப்பிட்டு பால் பாயசம் வைக்கச் சொன்னேன். எல்லாம் ஒழுங்கா அமைஞ்சுது. இலைக்குப் பக்கத்துல யாருன்னு பார்த்தா, இளம்பரிதி முறை.

அன்னைக்குக் காலைல, இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடி, ரூமுக்கு வர்றான். "சார், ட்ரையல்ல பேரிங்ல கை வைக்க முடியலை, அவ்வளவு சூடு. சத்தமும் சரியில்லை. அந்தோணிசாமி அண்ணனும் கேட்டாரு."

"சரிப்பா"ன்னேன்.

"முழு பாரத்துல ஓட்டுனா தாங்காது சார்."

"அதான் முழு பாரத்துல ஓட்டப் போறதில்லையேப்பா"ன்னேன். எவ்வளவு தெளிவா சொல்லியிருக்கேன் பாருங்க. குழந்தைக்குக்கூடப் புரியும்.

"இங்க ஓட்ட மாட்டோம் சார். ஆலைல ஓட்டுவாங்கள்ல?"ங்கறான்.

நான் அவன் தோள்ல தட்டி, "தம்பி, ஆலைல ஓடறது ஆலைக்காரங்க கவலை. உன் கவலை பாயசம். போய் நல்ல சட்டையா போட்டுட்டு வா"ன்னு சொல்லி அனுப்பினேன். திட்டலை. ஒரு அப்பன் மாதிரிச் சொன்னேன். பையனும் தலையை ஆட்டிட்டுப் போனான். போய்ச் சட்டையும் மாத்திட்டு வந்தான். ஏமாந்துட்டேன்.

கெஸ்ட் ஹவுஸ்ல நடந்ததை சமையக்காரர்தான் பின்னாடி எனக்குச் சொன்னார். பட்நாயக் சாம்பார் முடிச்சு ரசத்துக்கு வந்துட்டார். பாயசம் பக்கத்துல கிண்ணத்துல காத்துக்கிட்டு இருக்கு. எல்லா இன்ஸ்பெக்டரும் ரசத்துகிட்ட வரும்போது மரியாதைக்கு ஒரு கேள்வி கேப்பாங்க, அவரும் கேட்டிருக்கார். "டெஸ்ட் எல்லாம் நல்லா போகுதா தம்பி?" இதுக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. "பிரமாதம் சார், இன்னும் கொஞ்சம் அப்பளம் வைக்கட்டுமா?" தலைமுறை தலைமுறையா இதுதான் பதில்.

இவன் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? "சார், காலைல பேரிங் ரொம்பச் சூடா இருந்துது. முழு பாரம் இப்ப ஓடிட்டு இருக்கணும். வாங்க, போய்ப் பார்க்கலாம்."

அவ்வளவுதான். சத்தம் போடலை, யாரையும் காட்டிக் கொடுக்கலை, வால்வைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. பணிவா, கையை எச்சிலோட வெச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கான். பாவம் அந்த மனுஷர். சொல்லாத வரைக்கும் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாது. வாயைத் திறந்து சொல்லிட்டா அப்புறம் எப்படி உக்காந்து பாயசம் குடிக்கறது? பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வெச்சாராம். அப்புறம் இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டார்.

எந்திரிச்சுட்டாருங்க! பாதி இலையில! இந்தக் கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து எங்க இலையில உக்காந்த இன்ஸ்பெக்டர் ஒருத்தர் தயிர் சாதத்துக்கு முன்னாடி எந்திரிச்சது கிடையாது. வடக்கத்திக்காரங்க, வெள்ளைக்காரங்க, ரசத்தை டம்ளர்ல வாங்கிக் குடிச்ச ஜப்பான்காரர்கூட கடைசி வரைக்கும் உக்காந்தார். சோறு போட்டுட்டு விருந்தாளியை எழுப்பறதுங்கறது எவ்வளவு பெரிய பாவம்! நீங்களே சொல்லுங்க. அப்படிப்பட்டவன் நாளைக்கு உங்க வீட்டு விசேஷத்துல என்ன பண்ணுவான்னு யோசிச்சுப் பாருங்க.

டெஸ்ட் பெட்டுக்கு வந்தாங்க. நான் அங்கதான் இருந்தேன். பம்பு ஜம்முனு ஓடிட்டு இருந்துது, பாதி பாரத்துல. பட்நாயக் உள்ள நுழையறதைப் பார்த்ததும் ஓடிப் போய் முன்னால நின்னேன். "சார், சாப்பாடு ஆச்சா?"ன்னேன். வேற என்ன கேக்கறது? அவர் நேரா பம்புகிட்ட போனார். வால்வைப் பார்த்தார். "இதைத் திறங்க"ன்னார். அந்தோணிசாமி என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாங்க ரெண்டு பேரும் இப்படிப் பார்த்துட்டு நிக்கும்போது இவன் போயி, அவனே, தன் கையால வால்வைத் திறந்தான். திறந்துட்டு, "எல்லாரும் கொஞ்சம் பின்னால போயிடுங்க"ன்னான். அதையும் பணிவாத்தான் சொன்னான். என் கையைப் பிடிச்சு என்னையும் பின்னால இழுத்து நிறுத்தினான். என்னை! என் டெஸ்ட் பெட்ல!

கொஞ்ச நேரம் ஓடிச்சு. அப்புறம் ஒரு அலறல். சத்தியமா சொல்றேன், மெஷின் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. புகை. நான் நின்ன இடத்துல சூடா எண்ணெய் அடிச்சுது. நான் முன்னாடி நின்ன இடத்துல, இழுக்கறதுக்கு முன்னாடி. அதை விடுங்க, சட்டை தப்பிச்சுது. மெஷின் தானா நின்னுது. பட்நாயக் கைக்குட்டையால முகத்தைத் தொடைச்சுக்கிட்டு, வண்டி ஏறிப் போயிட்டார்.

பிரிச்சுப் பார்த்தா என்ன? பேரிங்குக்கு எண்ணெய் போற துவாரத்துல மணல். இரும்பை உருக்கி வார்க்கறப்போ அச்சுல இருந்து ஒட்டுன மணலைச் சுத்தம் பண்ணாம விட்டிருக்காங்க. அதுவும் எவ்வளவுங்கறீங்க, ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடி மணலுக்காகக் கம்பெனி மார்ச்சைக் கோட்டை விட்டுது. என் எக்ஸ்டென்ஷன் போச்சு. மேல இருக்கறவங்க என்னைப் பார்த்தா இப்ப போனை எடுத்துக் காதுல வெச்சுக்கறாங்க.

இவனை என்ன பண்ணலாம்னு எல்லாரும் யோசிச்சோம். தப்பு பண்ணான்னு எழுத முடியாது. என்ன தப்புன்னு எழுதறது, இன்ஸ்பெக்டரை டெஸ்ட் பார்க்க வெச்சான்னா? நான்தான் வழி கண்டுபிடிச்சேன். உனக்கு சாப்பாட்டுல இவ்வளவு அக்கறை இருக்கேப்பா, கேன்டீனைப் பார்த்துக்கோன்னு கேன்டீன் பொறுப்புல போட்டுட்டேன். இன்ஜினீயரிங் படிச்சவன் இட்லி எண்ணட்டும், புத்தி வரும்னு பார்த்தேன். வந்துச்சா? அங்க போய்ச் சேர்ந்த முதல் வாரத்துலயே ஸ்டீம் அடுப்பைப் பிரிச்சு உக்காந்துட்டான். அது எப்ப வேணா வெடிக்குமாம். சமையக்காரங்களை ரெண்டு நாள் பக்கத்துல விடலை, எல்லாருக்கும் ரவா உப்புமா. அதையும் அந்த சமையக்காரங்க கோவிச்சுக்கலை பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் புரியலை. அவன் போற பக்கம் எல்லாம் அவனுக்கு ஒரு டம்ளர் பால் எடுத்து வெக்கறாங்க.

கேன்டீன்லயே கிடந்திருப்பான். அந்த சர்க்கரை ஆலைக்காரங்க விட்டாத்தானே? நடந்தது எப்படியோ அவங்க காதுக்குப் போயிடுச்சு. பட்நாயக் சொல்லியிருப்பார். மறுபடி டெஸ்ட் வெச்சப்போ ஆலைல இருந்து சொல்லி அனுப்பறாங்க, "அந்த இளம் இன்ஜினீயர் கூட நின்னு, அவர் சரின்னு சொன்னாத்தான் பம்பை எடுப்போம்"னு. எப்படி இருக்கு? எனக்கு எவ்வளவு சர்வீஸ், என் சொல்லுக்கு மதிப்பில்லை. மீசை ஒழுங்கா வளராத பையன் சொல்லுக்கு மதிப்பு. வேற வழியில்லாம டெஸ்டிங்குக்கே திரும்பக் கூட்டிட்டு வந்தோம். இப்ப என்ன நிலைமைன்னு கேளுங்க. வர்ற இன்ஸ்பெக்டருங்க எல்லாம் கைல டிபன் பாக்ஸோட வர்றாங்க. டெஸ்ட் பெட்லயே ஸ்டூல் போட்டு, அவனும் அவங்களும் சத்தத்துக்கு நடுவுல தயிர் சாதம் சாப்பிடறாங்க. கெஸ்ட் ஹவுஸ்ல இலை வாங்கறதையே நிறுத்திட்டாங்க.

அந்தப் பம்பு இப்ப ஆலைல ஓடுதாம். சத்தமே இல்லையாம். அதுல என்ன பெருமைங்க? சத்தம் இல்லாம ஓடுனா எங்க கம்பெனி பேரு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு மனசு வலிக்குது. அடுத்த மாசம் பிரிவு உபசாரம். மாலை போடுவாங்க, கடிகாரம் கொடுப்பாங்க, நாலு பேர் பேசுவாங்க. போன வாரம் அந்தோணிசாமிகிட்ட, "நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னேன். "என்ன சார் பேசறது?"ன்னு கேட்டார். நிஜமாவே தெரியாமத்தான் கேட்டார். இவ்வளவு வருஷம் பக்கத்துலயே இருந்தவர். இவன் வந்து எத்தனை நாளாச்சு? இவனைப் பத்திப் பேசச் சொல்லுங்க, விடிய விடியப் பேசுவார். எனக்கு அது தாங்கலைங்க. என்னதான் இருந்தாலும் எனக்குக் கொஞ்சம்...

சரி விடுங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். பையனுக்குக் குடி கிடையாது, சிகரெட் கிடையாது, அதெல்லாம் நான் மறைக்க மாட்டேன். கை சுத்தம். ஆனா நாலு பேரோட ஒத்துப் போறவன் இல்லை. மேலே வர மாட்டான். உங்க பொண்ணு காலம் பூரா ஒரே குவார்ட்டர்ஸ்ல, ஆட்டம் காணுற நாற்காலியோட... இல்ல, நாற்காலியை அவன் சரி பண்ணிடுவான். அதைச் சொல்லலை. வசதின்னு ஒண்ணு வராது. யோசிச்சுக்குங்க.

என்ன கேக்கறீங்க? வால்வைத் திறந்தது அவன்தானா, நிச்சயமாவா? அவனேதாங்க, நான் கண்ணால பார்த்தேன், அதான் சொல்றேனே. எல்லாரையும் பின்னால போகச் சொன்னதும் அவன்தானா? ஆமாங்க. ஏன் அதையே திருப்பித் திருப்பிக் கேக்கறீங்க?

எந்த ஆலைக்குப் போன பம்பா? அதுவா, விருத்தாசலம் தாண்டி உள்ளே போனா வருமே, பெரிய புகைபோக்கி. உங்களுக்குத் தெரியுமா? நீங்க அந்தப் பக்கம்தானோ?

அட, அங்கேயேவா? அந்த ஆலைலயேவா வேலை? இத்தனை நேரம் சொல்லவே இல்லையே! என்ன வேலை? பம்ப் ஹவுஸா?

பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர். ஓ.

அப்படின்னா அந்தப் பம்புக்குப் பக்கத்துல... ஷிஃப்டு பூராவும்... நீங்கதான் நிக்கறது.

சரி. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, இவனால உங்க ஆலைக்கு எத்தனை மாசம் தாமதம்னு. நீங்கதானே கஷ்டப்பட்டிருப்பீங்க. அப்ப இந்தக் கதையெல்லாம் முன்னாடியே காதுல விழுந்துதா? அது நிஜமான்னு கேக்கத்தான் வந்தீங்களா? நான்தான் சாட்சியா?

ஏன் கண்ணைத் தொடைக்கறீங்க? புகை ஒண்ணும் வரலையே.

என்னங்க, எங்க கிளம்பறீங்க? பேச்சிலர் ஹாஸ்டல் எங்க இருக்கா? மெயின் கேட்டுக்கு எதிர்ல, வேப்பமரம் இருக்கும். ஞாயித்துக்கிழமை, துணி துவைச்சுக்கிட்டு இருப்பான். அப்புறமா போகலாம் உக்காருங்க. இலை போட்டாச்சு. வாசனை வருதே, வடை வேற எடுத்தாச்சு. ஒரு வாய் சாப்பிட்டுட்டு, பாயசம் குடிச்சுட்டுப் போகலாம். சாப்பாட்டு நேரத்துல விருந்தாளி எந்திரிச்சுப் போகக் கூடாதுங்க. எங்க வழக்கத்துலயே இல்லை. உக்காருங்க சார், தயவுசெஞ்சு உக்காருங்க.

கோமதி, இங்க வா, நீயாவது சொல்லு. இவரும் எந்திரிச்சுட்டார்.

அது என்ன கையில தூக்குவாளி? பாயசத்தை எதுக்கு அதுல ஊத்தினே? யாருக்குக் கொடுத்து அனுப்பறே?